சுங்கை சிப்புட்டில் ஒரு விவசாயக் கண்காட்சி

ஈப்போவைக் கடந்த இடிஎஸ் மின்ரயில் சிறிது நேரத்தில் சுங்கை சிப்புட்டை அடைந்துவிடுகிறது. பல்கலைக்கழகம் ஒன்றின் வேளாண் துறையினர் இந்த ஊர்த் திடலில் கண்காட்சி நடத்துகிறார்கள், ஆய்வாளர்களை நேரில் சந்தித்துப் பேசலாம் என்று நண்பர் சொன்னதுமே கோலாலம்பூரிலிருந்து கிளம்பினேன். நம் மலேசியாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் அமைக்கப்பட்டது. அன்று தொடங்கி ஆய்வுக்கூடங்களில் கண்டறியப்பட்டவை தோட்ட நிர்வாகியான துரைக்கு வந்தன. துரையிடமிருந்து கணக்கு எழுதும் கிராணிக்கும், கிராணியிடமிருந்து வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்கும் இறங்கின. மரத்தடியில் நின்றவருக்கு வந்து சேர்ந்தது உத்தரவு மட்டுமே. அந்த உத்தரவின் காரணத்தை அவருக்கு எடுத்துச் சொன்னவர்கள் மிகச் சிலர். தோட்டத்தில் உழைத்தவர்களும் ஆய்வாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன பேசிக்கொள்வார்கள் என்று அறிய விரும்பியே நான் போனேன்.

இத்தகைய சந்திப்புக்குப் பொருத்தமான ஊர் இது. சற்று வடக்கே உள்ள கோலகங்சாரில், 1877இல் நடப்பட்ட முதல் ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் நிற்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீடிழந்து நின்ற காலத்தில், அவர்களிடமே மாதம் பத்து வெள்ளி வீதம் திரட்டித் தோட்டங்களை வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய, மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த மண்ணும் இதுதான். நிலத்தின் மீது உழைப்பவருக்கு உள்ள உரிமையைப் பற்றி இந்த ஊரில் பேசும்போது யாருக்கும் முன்னுரை தேவைப்படுவதில்லை.

ரப்பர் மேசையில் பால் சீவும் உளியும், பால் பிடிக்கும் மங்குக் கிண்ணமும், பட்டையோடு வெட்டிய மரத்துண்டு ஒன்றும் வைக்கப்பட்டிருந்தன. விடியுமுன் மரம் சீவ வேண்டும் என்பது தோட்டத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். அதற்கான காரணத்தை அங்கிருந்த விரிவுரையாளர் பட்டையைக் காட்டியே விளக்கினார். வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக விடுவதால் பால் குழாய்களில் அழுத்தம் குறைந்துவிடுகிறது. இருட்டில் அந்த அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் தாராளமாக வடிகிறது. சீவும் கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிவதற்கும் காரணம் உண்டு. பால் குழாய்கள் நேர்செங்குத்தாக ஓடாமல், மேலே போகப் போகச் சற்று வலப்பக்கம் சாய்கின்றன. அந்தச் சாய்வை மறித்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். பால் மிகுந்த குழாய்கள் மரத்தை ஒட்டிய உட்பட்டையில் இருக்கின்றன. ஆனால் உளி அதையும் தாண்டி இறங்கி மரத்தைக் காயப்படுத்திவிட்டால், புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகி மறுபடி சீவ உதவாமல் போகும். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் உளியை வாங்கி அந்தத் துண்டின் மீது ஒரே இழுப்பில் மெல்லிய சீவல் எடுத்துக் காட்டினார். விரிவுரையாளர் அந்தச் சீவலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தம் மாணவர்களை அழைத்து அவரிடம் கற்றுக்கொள்ளச் சொன்னார். மாணவர்கள் வரிசையாக நின்று உளி பிடித்துப் பழகினார்கள்.

அன்று நான் மிக அதிக நேரம் நின்றது செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை மேசையில்தான். வெட்டி எடுத்து வந்த ஆண் பூங்கொத்து ஒன்று தட்டில் கிடந்தது. அரிசி மணியைவிடச் சிறிய கரும்பழுப்பு வண்டுகள் அதன் காம்புகளில் நூற்றுக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருந்தன. எழுபது வயதைத் தாண்டிய அம்மையார் ஒருவர் குனிந்து அதை முகர்ந்தார். "சோம்பு வாசம் அடிக்குது, தம்பி. அந்தக் காலத்துலயே இந்த வாசம் எனக்குத் தெரியும்" என்றார். இளம்வயதில் செம்பனைத் தோட்டத்தில் பெண் பூக்களுக்குப் பொடி அடிக்கும் வேலை பார்த்தவர் அவர். ஆண் பூவின் மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து, மரம் மரமாகப் போய், விரிந்த பெண் பூவைத் தேடி ஊதுவது அந்த வேலை. முள்ளும் மட்டையும் கையைக் கிழிக்க, பெரும்பாலும் பெண்களே அதைச் செய்தார்கள்.

பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் ஆய்வாளரின் விளக்கத்தை அவருக்குத் தமிழில் சொன்னார். செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848இல் ஜாவாவின் போகோர் பூங்காவுக்கு வந்த நான்கு கன்றுகளின் வழித்தோன்றல்களே இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் பரவின. மரம் வந்தது, அதன் பூவில் குடியிருந்த வண்டு வரவில்லை. அதனால்தான் இங்கே மனிதர்கள் மகரந்தம் ஊத வேண்டியிருந்தது. கெமரூனில் அந்த வண்டை ஆராய்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத், அது மற்றப் பயிர்களைத் தாக்காது என்று உறுதி செய்த பிறகு, 1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலம் குளுவாங்கிலுள்ள மாமோர் தோட்டத்தில் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார்கள். வண்டு ஆண் பூவில் உண்டு, அங்கேயே முட்டையிட்டு வாழ்கிறது. பெண் பூவும் அதே சோம்பு வாசத்தை அவ்வப்போது வெளியிடுவதால், உடம்பெல்லாம் மகரந்தத்தோடு வண்டு அங்கும் போய்விடுகிறது. பொடி அடிக்கும் வேலைக்கு அதன் பிறகு தேவை இல்லாமல் போயிற்று.

அம்மையார் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "ஒரு நாள் காலையில ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்துல, இனிமே பொடி அடிக்கிற வேலை இல்ல, உதிரிப் பழம் பொறுக்கப் போங்கன்னாங்க. ஏன்னு கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. இதுதானா அது!" என்றார். பிறகு அவர் கேட்ட கேள்விகள் ஆய்வாளரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தன. தொடர்மழையில் இந்த வண்டு என்ன செய்யும்? இளமரங்களில் ஆண் பூ குறைவாக இருக்கிறதே, அப்போது இது எங்கே போய்ப் பிழைக்கும்? செம்பனை ஆராய்ச்சியில் இன்றும் பேசப்படும் கேள்விகள் இவை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பெண்மணியிடம் யாரும் அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை என்பதை நினைத்து மனம் கனத்தது.

கூகைக் கூண்டு வைத்து எலிகளைக் கட்டுப்படுத்துவது, மாட்டுக்குத் தடுப்பூசி போடுவது ஆகிய பகுதிகளிலும் நல்ல கூட்டம் இருந்தது. கூகையை வீட்டருகே விட்டால் ஆகாது என்ற அச்சத்தை அங்கிருந்தவர்கள் பொறுமையாகப் பேசித் தணித்தார்கள்.

ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருந்த ஒருவர் கைப்பேசியில் படம் கொண்டு வந்திருந்தார். குருத்துகள் விரியாமல் ஈட்டி போல நின்றன. அடிமரத்தில் காளான் முளைத்திருந்தது. அடிமரத்தை அழுகவைக்கும் கனோடெர்மா பூஞ்சை நோய் என்று பார்த்தவுடன் சொல்லிவிட்டார்கள். காளான் வெளியே தெரியும் நேரத்தில் அடிமரத்தின் உட்புறம் பெரும்பாலும் அழுகிவிட்டிருக்கும் என்பதையும், அந்த மரத்தைக் குணப்படுத்த மருந்து இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அடியில் மண் அணைத்தால் சில காலம் காய்க்கும். மறுநடவின்போது பழைய மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்துவிட வேண்டும் என்றார்கள். நோய் கண்ட மரங்கள் எல்லாம் பழைய கட்டைகளை அப்படியே விட்டுவிட்ட பக்கத்தில்தான் நிற்கின்றன என்று அவர் தாமாகவே சொல்லி, ஒரு தாளில் வரிசை வரிசையாக வரைந்து காட்டினார். அந்த வரைபடத்தை ஆய்வாளர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

திடலின் மறுபக்கத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கும் மேசைகளும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் முகப்பும் இருந்தன. சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017இலேயே இயற்றப்பட்டிருந்தாலும், சொந்தமாக மரம் சீவுபவரும் காய்கறி பயிரிடுபவரும் அதில் சேரலாம் என்பதை அன்றுதான் அறிந்ததாகப் பலர் சொன்னார்கள். ஏணியிலிருந்து விழுந்தாலும் குலை சரிந்து காலை நசுக்கினாலும் ஒரு குடும்பத்தின் வருமானமே நின்றுவிடும் தொழில் இது. என்னைக் கேட்டால் அன்றைய நாளின் மிகப் பயனுள்ள முகப்பு அதுதான்.

குறை ஒன்று உண்டு. பதாகைகளும் கையேடுகளும் மலாயிலும் ஆங்கிலத்திலுமே இருந்தன. தன்னார்வ மாணவர்கள் இருந்த மேசைகளில் பேச்சு ஓடியது. அவர்கள் இல்லாத மேசைகளில் பெரியவர்கள் கையேட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஏற்பாட்டாளரிடம் இதைச் சொன்னபோது அவர் தட்டிக்கழிக்கவில்லை. தமிழில் எழுதித்தர ஆள் கிடைத்தால் அச்சிட்டுத் தருவதாகச் சொன்னார். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரும் அந்தப் பட்டமேற்படிப்பு மாணவரும் நானும் அங்கேயே பேசிப் பொறுப்பேற்றுக்கொண்டோம். கனோடெர்மா கையேட்டை முதலிலும், சொக்சோ பதிவு முறையை அடுத்தும் எழுதுகிறோம். கலைச்சொற்களுக்குத் தோட்டத்தில் என்ன சொல்கிறார்கள் என்று அந்த அம்மையாரிடமே கேட்டுக்கொள்ள அவருடைய மகள் சம்மதித்திருக்கிறார்.