டிகிரி முடிச்ச அம்மிணிக்கு அண்ணன் சொல்றது

ஏனம்மிணி, ஆஃபர் லெட்டர்ல வருசம் 3.6 லட்சம்னு பாத்துட்டு, மாசம் 30,000 வரும்னு ஒறம்பரைக்கெல்லாம் சொல்லிப்போடாதே. அது சிடிசி, உனக்காகக் கம்பெனி பண்ற மொத்தச் செலவு. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 15,000-ன்னு வெச்சுக்க. அதுல உன்ற பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 1,800 போச்சு. கம்பெனி போடற 1,800-ஐயும் பெரும்பாலும் அந்த 30,000-க்குள்ளதான் சேத்திருப்பாங்க. கிராஜுவிட்டின்னு பணிக்கொடைக்கு பேசிக்ல 4.81 சதவீதம், அதொரு 721. கைக்கு வாரது 25,700-ஐத் தாண்டாது. தொழில்வரி புடிச்சா இன்னுங் கொஞ்சம் தேயும்.

சேர்றதுக்கு முந்தியே ஆதாரையும் பான் கார்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு. ஒண்ணுல இனிஷியல், இன்னொண்ணுல அப்பா பேரு முழுசா இருக்கும். இப்பவே ஒண்ணாக்கிரு, இல்லீன்னா பிஎஃப் பணம் எடுக்கறப்ப திருப்பி அனுப்புவாங்க. யுஏஎன்ங்கற உன்ற பிஎஃப் நம்பர் 12 இலக்கம், ஆயுசுக்கும் ஒண்ணுதான். வேலை மாறினா பழைய நம்பரையே குடு. 5 வருசம் ஆகறதுக்குள்ள எடுத்துச் செலவு பண்ணினா வரி வேற.

கோயமுத்தூர் சரவணம்பட்டி ரூம்ல தினமும் பரோட்டா ஆகாது. அரிசிம்பருப்பு போதும்: ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளருக்குச் சித்த மேல துவரம்பருப்பு, மூணே கால் டம்ளர் தண்ணி. சின்ன வெங்காயம், பூண்டு, வரமொளகா தாளிச்சு 3 விசில். பருப்பு பழசுன்னா அரைமணி நேரம் ஊறப்போடு; இல்லீன்னா அரிசி கொழஞ்சும் பருப்பு பல்லுல கடிபடும். விசில் வராம ஓரத்துல ஆவி கசிஞ்சா அடுப்பைத் திட்டாதே, கேஸ்கட்டை மாத்து. நெய்யி அம்மா குடுத்துடுவாங்க, தயிரு மட்டும் வாங்கிக்க.