பூங்குழலியின் படகு எங்கே?

1 நவம்பர் 2024, வெள்ளி, இரவு

நேற்று தீபாவளி. இன்றைக்கும் ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து அக்கா குடும்பம் வந்து இறங்கியதில் பினாங்கு ஜெலுத்தோங் வீட்டில் கால் வைக்க இடமில்லை. சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் அத்தான் 'பொன்னியின் செல்வன்' முதல் படத்தைப் போட்டார். 2022-இல் அது வந்தபோது நானும் அம்மாவும் தியேட்டரில் பார்த்தோம். பாட்டியும் அக்கா மகளும் இன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறார்கள்.

படத்தின் கடைசிக் கட்டத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதுவரை எல்லாரும் முறுக்கைக் கடித்துக்கொண்டு, நகையைப் பற்றியும் குதிரையைப் பற்றியும் பேசிக்கொண்டுதான் பார்த்தார்கள். கடல் வந்தது, வீடு அடங்கிவிட்டது. எதிரிகளின் கப்பலில் வந்தியத்தேவன் மாட்டிக்கொள்கிறான். அவனை மீட்க அருண்மொழிவர்மன் வருகிறான். மழை, சண்டை, மலை மலையாக அலை. கப்பல் உடைந்து இருவரும் கடலுக்குள் போகிறார்கள். அப்போது வயதான ஒரு பெண் தண்ணீருக்குள் பாய்கிறாள். அவள் முகம் அப்படியே நந்தினியின் முகம். அதோடு படம் முடிந்துவிட்டது.

அக்கா மகள்தான் முதலில் வாய் திறந்தாள். "செத்துட்டாரா சித்தி?"

"ராஜராஜ சோழன் இங்கேயே செத்துட்டா தஞ்சாவூர்க் கோயில யாரும்மா கட்டுறது?" என்றார் அத்தான். எல்லாரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பூங்குழலியோட படகு எங்க? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார். இரண்டு வருடத்துக்கு முன்னால் தியேட்டர் வாசலில் கேட்ட அதே கேள்வி, அதே கோபம்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் (அத்தை மாதிரி) பலகாரம் சாப்பிட வந்தவர், கடைசி இருபது நிமிடம் எங்களோடு உட்கார்ந்துவிட்டார். கதை தெரியாது, மொழியும் தெரியாது. "குதித்தது அவனுடைய அம்மாவா?" என்று மலாயில் கேட்டார். யாருக்கும் உடனே பதில் வரவில்லை. பெற்ற தாய் இல்லை. ஆனால் இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

பாட்டி புயல் தொடங்கியதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "தண்ணி அடங்கிருச்சா?"

2 நவம்பர், சனி

காலையிலேயே சண்டை தொடங்கிவிட்டது. அம்மா அலமாரியிலிருந்து இரண்டாம் பாகத்தை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். 'சுழற்காற்று'. முதுகில் மூன்று தடவை டேப் ஒட்டிய புத்தகம்.

அம்மாவின் வழக்கு இதுதான். கல்கியின் கதையில் இளவரசனையும் வந்தியத்தேவனையும் நடுக்கடலில் காப்பாற்றுகிறவள் பூங்குழலி. கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்துக்காரர் மகள், ஓடக்காரப் பெண். இளவரசனே 'சமுத்திர குமாரி' என்று அழைத்தவள். இரண்டாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்துக்கு 'அபய கீதம்' என்று பெயர். உடைந்த பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் மிதக்கிறார்கள், அவளுடைய பாட்டு கேட்கிறது, படகு வருகிறது. "ஒரு பொண்ணு தனியா, புயலடிச்ச கடல்ல, துடுப்பு போட்டு வர்றா. அதத் தூக்கிட்டு வேற ஒருத்தரக் குதிக்க விட்டா எப்படி? அவ வேலைய அவகிட்டேருந்து புடுங்கினது இல்லியா அது?" அம்மா இதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. பதினாறு வயதில் இந்தப் புத்தகத்தைப் படித்தவர் அம்மா. அவருக்குப் பூங்குழலி கதாபாத்திரம் இல்லை, கூடப் படித்த தோழி மாதிரி.

அத்தான் விடவில்லை. சின்ன வயதில் அருண்மொழி காவேரியில் விழுந்தபோது ஒரு பெண் தூக்கிக் காப்பாற்றினாள், காவேரித் தாயே வந்தாள் என்று எல்லாரும் நம்பினார்கள், அதனால்தானே பொன்னியின் செல்வன் என்ற பேர்? அந்தப் பெண் மந்தாகினிதான், ஊமை ராணிதான். ஆற்றில் காப்பாற்றியவளே கடலிலும் காப்பாற்றுகிறாள் என்று மணிரத்னம் வைத்ததில் என்ன தப்பு? ஐந்து பாகத்தை இரண்டு படத்துக்குள் அடக்கினால் இரண்டு காப்பாற்றல் ஒன்றாகத்தான் சேரும்.

அத்தான் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. கதையின் பேரே ஒரு காப்பாற்றலில் பிறந்ததுதான். ஐஸ்வர்யா ராய் நந்தினியாகவும் ஊமை ராணியாகவும் நடித்திருப்பதால், தண்ணீருக்குள் அந்த முகத்தைக் கண்டதும் நெஞ்சு ஒரு நிமிடம் நிற்கிறது. கொல்லச் சொன்ன முகமே காப்பாற்ற வருகிறது. சினிமாவால் மட்டும் செய்ய முடிகிற காரியம் அது.

ஆனாலும் நான் அம்மா பக்கம்தான். துடுப்பு போடுவது வேலை. கை வலிக்கும், திசை தவறும், அரை மணி முன்னால் கிளம்பியிருந்தால்தான் இப்போது போய்ச் சேர முடியும். புயல் அடங்குமா என்று தெரியாமலே ஒருத்தி கரையிலிருந்து கிளம்பினாள் பாருங்கள், அதைப் படத்தில் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. ஐஸ்வர்யா லெட்சுமி அந்தப் படகில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்த எவரும் அவரால் முடியாது என்று சொல்ல மாட்டார்கள்.

மத்தியானம் வரை நீண்டது. நடுவில் ஒன்று கவனித்தேன். அம்மா 'கோடிக்கரை' என்று சொன்னபோது உள்ளறையில் படுத்திருந்த பாட்டி எழுந்து வந்து வாசல்படியில் நின்றார். "கோடிக்கரையா?" என்றார். "ஆடி அமாவாசைக்கு அங்கதான கடல் முழுக்குக்குப் போவோம். வண்டி கட்டிக்கிட்டு." பாட்டிக்கு ஊர் வேதாரண்யம் பக்கம். அது எனக்குத் தெரிந்ததுதான். அவர் இந்தக் கதை நடக்கும் கரையில் குளித்தவர் என்பது ஏனோ இன்றைக்குத்தான் உறைத்தது.

3 நவம்பர், ஞாயிறு

அக்கா குடும்பம் கிளம்பிவிட்டது. நெடுஞ்சாலை நெரிசலாம், ஈப்போ தாண்டவே மத்தியானமாகிவிட்டது. அம்மா இரண்டாம் பாகத்தைப் பேத்தி பையில் வைத்து அனுப்பினார். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவள்தான். இடைநிலைப் பள்ளிக்குப் போனபிறகு தமிழ்ப் புத்தகம் கையில் எடுப்பதில்லை என்று அக்காவுக்கு வருத்தம். ஒரு நிபந்தனை: தினமும் இரவு போனில் பாட்டிக்கு ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்ட வேண்டும். கடைசிப் பத்து அத்தியாயம் போதும் என்று இரண்டு பக்கமும் பேசி முடித்தார்கள்.

5 நவம்பர், செவ்வாய்

வேலை முடிந்து வந்து பாட்டிக்குக் கால் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் படத்தில் ஏன் கண்ணை மூடிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

பாட்டி 1951-இல் இங்கே வந்தவர். பதினோரு வயது. தோட்டத்தில் இருந்த அப்பாவிடம் சேர அம்மாவோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். 1926-இல் கட்டிய கப்பல், 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. இங்கே பல தமிழ்க் குடும்பங்களில் அந்தப் பேரைச் சொன்னாலே யாராவது ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். அதே வருடத்தில்தான் கல்கி வாரா வாரம் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தார், 1950-லிருந்து 1954 வரை. பாட்டிக்கு அது தெரியாது. பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை.

நாகையில் கப்பல் கரைக்கு வராதாம், தூரத்தில் நிற்குமாம். தோணியில் போய் ஏணி பிடித்து ஏற வேண்டும். தோணிக்காரன் அலையை எண்ணிக்கொண்டே இருந்து "இப்போ!" என்று சொன்னதும் கால் எடுத்து வைக்க வேண்டும். அதற்கு முன்னால் வைத்தாலும் போச்சு, அப்புறம் வைத்தாலும் போச்சு.

மூன்றாம் நாள் ராத்திரி காற்றும் மழையும். இவர்கள் மேல்தளத்தில், படுதாவுக்குக் கீழே. தகரப் பெட்டிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டன. பாட்டியின் அம்மா வாந்தி எடுத்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அப்போது பக்கத்தில் படுத்திருந்த ஒரு பெண் எழுந்து வந்து, தன் முந்தானையைப் பாட்டியின் இடுப்பில் சுற்றிக் கட்டி, தன்னோடு சேர்த்து முடிந்துகொண்டாள். விடியும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பேசவே இல்லை.

"எப்படிக் கட்டுனாங்க பாட்டி?"

பாட்டி தன் முந்தானையை எடுத்து என் இடுப்பைச் சுற்றிவிட்டார். கை நடுங்குகிறது, காபி டம்ளரைப் பிடிக்கவே இரண்டு கை வேண்டும் இப்போதெல்லாம். ஆனால் முடிச்சு தடுமாறவில்லை. ஒரு சுருக்கு, அதன்மேல் இரண்டு முடிச்சு, கடைசியில் நுனியை உள்ளே செருகி ஓர் இழுப்பு. நான் எழுந்து பார்த்தேன், பாட்டியும் கூடவே வந்தார். அவிழவில்லை.

அந்தப் பெண்ணின் பேரை யாரும் கேட்கவில்லை. பினாங்கில் இறங்கிய கூட்டத்தில் எங்கே போனாளோ தெரியாது. "ஒங்கம்மா அந்த ஓடக்காரிக்காக சண்ட போடுறா. ஒங்கத்தான் குதிச்சவதான்ங்கிறான். ரெண்டு பேரும் நல்லவதான். ஆனா புடிச்ச கைய விடாம இருந்தாளா, அத முழுசாக் காட்டலியே படத்துல" என்றார்.

நான் எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன், வரைகலை பற்றி, இசை பற்றி, நாவலிலிருந்து மாறியது பற்றி. இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. காப்பாற்றும் காட்சி, பாய்வதோடு முடிந்துவிடுகிறது. கடலில் காப்பாற்றுவது என்பது பாய்ந்த பிறகுதான் தொடங்குகிறது.

9 நவம்பர், சனி

ராத்திரி நல்ல மழை. காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பாட்டியையும் அம்மாவையும் பாடாங் கோத்தாவுக்குக் கூட்டிப் போனேன். கடற்கரைச் சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். வடக்கே குனோங் ஜெராய் தெளிவாகத் தெரிந்தது. 1,217 மீட்டர். ரேடார் இல்லாத காலத்தில் வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிக்கு அந்த மலைதான் அடையாளம். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நம் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம்.

அம்மாவிடம் ஒன்று சொன்னேன். கடலிலிருந்து தப்பிய அருண்மொழி காய்ச்சலில் கிடக்கும்போது நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் பிட்சுக்கள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள் அல்லவா? அந்த விகாரத்தைக் கட்டியவர் இந்தக் கடாரத்து அரசர் மாற விஜயோத்துங்க வர்மன். தன் தந்தை சூளாமணி வர்மன் பேரில் கட்டினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை எழுதிக் கொடுத்தவர் ராஜராஜனேதான். அந்தச் செப்பேடு பிற்காலத்தில் நெதர்லாந்துக்கு, லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. உண்மையில் விகாரம் எழுந்தது ராஜராஜன் ஆட்சியில், 1006 வாக்கில். கதை நடக்கும் காலத்துக்கு அது முப்பது வருடத்துக்கும் மேல் பிந்தியது. கல்கி அதை முன்னால் நகர்த்திக்கொண்டார். நகர்த்தியது நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில் ஊரையே எழுதிக் கொடுத்தவன், ஒரு காலத்தில் அங்கே கஞ்சி குடித்துப் பிழைத்தவனாக இருந்தால் அந்தக் கொடைக்கு ஒரு முகம் கிடைக்கிறது.

அப்புறம் நடந்ததையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1025-இல் அதே ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் கப்பல்களோடு வந்து கடாரத்தை அடித்தான். பட்டம் போட்டுக் கொண்டாடுகிறோம், கடாரம் கொண்டான் என்று. எனக்கும் பள்ளியில் அது பெருமையாகத்தான் இருந்தது. இந்த மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், கரையில் நின்று அந்தக் கப்பல்கள் வருவதைப் பார்த்தவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

பாட்டி இதையெல்லாம் கேட்டாரா என்று தெரியவில்லை. மலையைக் காட்டி, "இதத்தான் மொதல்ல பாத்தோம். எல்லாரும் எந்திரிச்சி நின்னு கும்புட்டாங்க" என்றார்.

12 நவம்பர், செவ்வாய்

எட்டு இரவாக வாசிப்பு தவறவில்லை, சில நாள் இரண்டு அத்தியாயம். அவள் முதலில் எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள், 'சுக்கான்' என்றால் என்ன என்று கேட்டாள், பாட்டிதான் சொன்னார். மூன்றாம் நாளிலிருந்து வேகம் வந்துவிட்டது. இன்றைக்கு 'அபய கீதம்'. அம்மா சமையலறை விளக்கை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார், இருபது தடவை படித்தவர்.

போனை ஸ்பீக்கரில் போட்டுப் பாட்டியின் மடியில் வைத்தேன். பூங்குழலியின் படகு வந்தபோது பாட்டி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சின்னத் தோணிதான?"

"ஆமா பாட்டி, சின்னதுதான்."

"அவளோட சேத்து மூணு பேரு. ஈரத்துணியோட ஆம்பள ரெண்டு பேரு ஏறுனா ஒரு பக்கமா சாயுமே. எப்படி ஏத்துனா? கையப் புடிச்சாளா, கயிறு போட்டாளா?"

"இருங்க பாட்டி, இன்னும் அங்க வரல, படிக்கிறேன்" என்றாள் அவள். கோலாலம்பூரில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பாட்டி போனை இன்னும் கொஞ்சம் காதருகே தூக்கிக்கொண்டார்.