பழைய என்பிஆர் லோரிக்கு பிரேக் சாமான் தேடி அலைஞ்சது

சுங்கை சிப்புட்ல செம்பனைக் குலை ஏத்துறதுக்கு எங்ககிட்ட ஒரு பழைய இசுசு என்பிஆர் இருக்கு, அப்பா காலத்து லோரி. போன மாசம் முழு லோடோட தோட்டத்து மேட்டுலேருந்து எறங்குறேன், பிரேக் மிதிச்சா பெடல் பாட்டுக்கு கீழ போய்க்கிட்டே இருக்கு. விட்டு விட்டு மிதிச்சு, கியர எறக்கி, எப்படியோ நிறுத்திட்டேன். கீழ கோயில் பக்கம் பிள்ளைங்க சைக்கிள் ஓட்டிக்கிட்டு இருந்துச்சுங்க, அத நெனச்சா இப்பவும் நெஞ்சு அடிச்சுக்குது.

பின்பக்க இடது டயரோட உள்பக்கம் ஈரம், தொட்டா வழவழன்னு பிரேக் ஒயில். போமென் (மெக்கானிக்) அண்ணன் ட்ரம்ம கழட்டி, பிரேக் சூவ வெளிய தள்ளுற வீல் சிலிண்டரோட ரப்பர விரலால தூக்குனதும் கருப்பா ஒயில் வடியுது. சூ மேல ட்ரம்ம உரசுற லைனிங் பூரா ஒயில்ல ஊறிப்போச்சு. "கழுவி மாட்டலாம்னு நெனைக்காத தம்பி, சூடானா உள்ள இருக்குறது திரும்ப வெளிய வரும்"னு சொன்னாரு. சிலிண்டர் உள்ள நகத்த வச்சு தடவுனா துருக்குழி மாட்டுது, அதனால உள்ள இருக்குற ரப்பர் கப் செட் மட்டும் மாத்தி பிரயோசனம் இல்ல, சிலிண்டரே புதுசு வேணும்.

இங்கதான் நான் தப்பு பண்ணிட்டேன். கெரான்ல, அதான் லோரியோட பதிவு அட்டையில, உள்ள மாடலையும் வருசத்தையும் போன்ல சொல்லி ஆர்டர் போட்டேன். நாலு நாள் கழிச்சு வந்தது பாக்க அதே மாதிரிதான், போல்ட் ஓட்டையும் சரியா உக்காருது, ஆனா பழசு மேல உள்விட்டம் 1-1/8 இஞ்சுன்னு அச்சு, புதுசுல 1-1/4. எட்டுல ஒரு இஞ்சுதானேன்னு மாட்டிறாதீங்க. சிலிண்டர் பெருசானா அதே மிதிக்கு அந்தப் பக்கம் சூவ தள்ளுற பலம் கூடிடும், மழை ரோட்டுல அந்தச் சக்கரம் மொதல்ல பூட்டிக்கும், பெடலும் இன்னும் ஆழமா போகும். நம்ம மலேசியாவுல பழைய லோரி நெறைய ஜப்பான்லேருந்து வந்த சாமான வச்சு ரீபில்ட் பண்ணது, கெரான்ல ஒரு வருசம் இருக்கும், கீழ ஆக்சில் வேற வருசமா இருக்கும்.

மறுநாள் பழச பையில போட்டுக்கிட்டு ஈப்போவுக்குப் போனேன். ரெண்டு கடையில இல்லன்னுட்டாங்க. மூனாவது கடை தவுக்கே (முதலாளி) வயசானவரு, மாடல் பேரே கேக்கல, "பாராங் லாமா அடா?", பழைய சாமான் இருக்கான்னு மலாய்ல கேட்டு கைய நீட்டுனாரு. வெர்னியர் அளவுகோல் வச்சு அளந்து, பைப் மாட்டுற ஓட்டை எந்தப் பக்கம்னு திருப்பிப் பாத்து, இடது வலது பிரிச்சு நாலு சிலிண்டர் எடுத்து வச்சாரு, ஒரு சக்கரத்துக்கு ரெண்டு. ஒரு பக்கம் மட்டும் மாத்தக் கூடாதுன்னு அவரே சொல்லிட்டாரு. அந்த மனுசனுக்கு நான் ரொம்ப கடமைப்பட்டிருக்கேன்.

சூவுக்கு அங்கேயே புது லைனிங் ரிவெட் அடிச்சாச்சு. ட்ரம்ம உள்பக்கம் கடைஞ்சு ஸ்கிம் பண்ண குடுத்தா, அது மேலயே எவ்ளோ வரைக்கும் கடையலாம்னு நம்பர் அச்சா இருக்கும், அதத் தாண்டிட்டா தூக்கிப் போட்டுடுங்க. ரப்பர் கப்ப பெட்ரோல்ல கழுவாதீங்க, உப்பிடும், பிரேக் ஒயில்லயே கழுவுங்க.

பிரேக் பைப்புல மாட்டுன காத்து எடுக்குறப்ப அப்பாதான் சீட்ல உக்காந்து மிதிச்சாரு, தூரமா இருக்குற சக்கரத்துலேருந்து ஆரம்பிச்சோம். நாலாவது சக்கரம் முடிஞ்சு மிதிச்சவரு, பெடல் பாதியிலேயே கல்லு மாதிரி நின்னதும் ஒன்னும் பேசாம என்னைப் பாத்து தலைய ஆட்டுனாரு. பழைய சிலிண்டர் ஒன்ன தொடச்சு சீட்டுக்குப் பின்னாடி போட்டு வச்சிருக்கேன், அடுத்த தடவ கடைக்கு எடுத்துட்டுப் போக.