செல்ஃப் அடித்தீர்களா?

அக்டோபர் 9, இரவு

வண்டியை இழுத்து வந்து போட்டாயிற்று. இன்னும் ஈரச் சட்டையோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ரயில் பாலத்துக்குக் கீழே தண்ணீர் நின்றிருந்தது. எனக்கு முன்னால் இரண்டு சின்னக் கார்கள் இறங்கி ஏறிப் போயின. டயரில் பாதி உயரம்கூட இல்லை. நானும் முதல் கியரில் மெதுவாகத்தான் இறங்கினேன். எதிரே வந்த லாரிக்காரருக்கு என்ன அவசரமோ, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார். அந்த அலை முன் பம்பரில் மோதியது. என்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது.

இன்சூரன்ஸ் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவுடனேயே அந்தப் பெண் கேட்ட கேள்வி: "நின்ன பிறகு செல்ஃப் அடிச்சீங்களா சார்?"

சாவியைத் திருப்பி மறுபடி ஸ்டார்ட் செய்யப் பார்த்தேனா என்று கேட்கிறாள். இல்லை என்றேன்.

இழுவை வண்டி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் படம் எடுத்து வைத்தேன்: சக்கரத்தில் தண்ணீர் நின்ற உயரம், நம்பர் பிளேட், கிலோமீட்டர் மீட்டர், பானெட்டைத் திறந்து உள்ளே நாலைந்து. எதற்கு எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுத்ததுதான்.

அக்டோபர் 10

பத்து நாள் முன்பு சர்வீஸ் விட்ட இடத்துக்கே வண்டியை அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பாதான் தடுத்தார். "அவன் செஞ்ச வேலையில கோளாறு இருந்தா அவனே சொல்லுவானாடா?" அதனால் வண்டி இப்போது எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் கொட்டகையில் நிற்கிறது.

அவரும் அதையே கேட்டார். "செல்ஃப் அடிச்சியா?" நான் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். அவர் மேலே கேட்கவில்லை.

ஏர் ஃபில்டரை எடுத்தார். நனைந்து கனத்துப் போயிருந்தது. கீழ்ப்பாதி சேறு, மேல்பாதி வெள்ளை, நடுவில் கோடு போட்ட மாதிரி. பிறகு விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தவர், "இது ஏன் இங்க தொங்குது?" என்றார். காற்றை உள்ளே இழுக்கும் இன்டேக் குழாய். அதன் வாய் கிரில்லுக்குப் பின்னால், பானெட் விளிம்புக்குப் பக்கத்தில் மாட்டியிருக்க வேண்டும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு. எங்கள் வண்டியில் அது கழன்று, பம்பருக்குப் பின்னால் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அலை வந்தபோது என்ஜின் காற்றுக்குப் பதில் தண்ணீரைக் குடித்திருக்கிறது.

என்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினோம். சேற்றுக்குள் கறுப்பாக ஒன்று. துடைத்துப் பார்த்தால் கிளிப். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், அம்பு முனை மாதிரி இரண்டு காது. இரண்டு காதும் முறியாமல் முழுசாக இருந்தன. பிய்ந்து வந்திருந்தால் காது முறிந்திருக்கும் என்றார் அண்ணன். அதாவது யாரோ கழற்றியிருக்கிறார்கள், திரும்ப மாட்டவில்லை.

சர்வீஸ் பில்லை எடுத்துப் பார்த்தேன். ஏர் ஃபில்டர் மாற்றம், வலது முன்விளக்கு பல்பு மாற்றம். இந்த வண்டியில் அந்த பல்பில் கை படவேண்டுமென்றால் இந்தக் குழாயைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

அக்டோபர் 11

பேட்டரி ஒயரைக் கழற்றி, நாலு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்து, என்ஜினைக் கையால் சுற்றவிட்டார் அண்ணன். மூன்றாவது சிலிண்டரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. இரண்டாவதில் கொஞ்சம். மற்ற இரண்டும் காய்ந்தே இருந்தன. உள்ளே துரு பிடிக்காமல் இருக்க உடனே கொஞ்சம் எண்ணெய் விட்டார். இதை நாலு நாள் தள்ளிப் போட்டிருந்தால் சிலிண்டர் சுவரும் போயிருக்குமாம். ஆயில் கேஜை உருவிப் பார்த்தோம். நல்லவேளை, ஆயிலில் தண்ணீர் கலந்து பால் மாதிரி வெளுக்கவில்லை.

எவ்வளவு தண்ணீர் போனால் ஒரு என்ஜின் பூட்டிக்கொள்ளும் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 1500 சிசி, நாலு சிலிண்டர். ஆக, ஒன்றுக்கு 375. அமுக்க விகிதம், அதாவது பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது, 10-க்கு 1 என்று வைத்தால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கு மேலே மிஞ்சும் இடம் சுமார் 42 மில்லி. இருமல் மருந்து மூடியால் நாலு மூடி, அவ்வளவுதான். அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே வர இடமில்லை. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஏதாவது ஒன்று வளைந்தாக வேண்டும். வளைவது கனெக்டிங் ராடு, பிஸ்டனைக் கீழே சுழலும் கிராங்கோடு இணைக்கும் தண்டு. டீசல் என்ஜினாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: 16-க்கு 1 என்றால் 25 மில்லிதான் இடம்.

எங்கள் ராடு வளைந்திருக்கிறதா என்று பார்க்க அண்ணன் செய்தது எளிமையான வேலை. பிளக் துளை வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சிக்கு வரும்போது கம்பியில் பேனாவால் கோடு போட்டார். மூன்று கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. மூன்றாவது சிலிண்டரின் கோடு மட்டும் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. அந்தப் பிஸ்டன் உச்சி வரை ஏறவில்லை. ராடு குட்டையாகியிருக்கிறது, அதாவது வளைந்திருக்கிறது. சின்னக் கேமராவை உள்ளே விட்டதில் சுவரில் கரிக்கோடும் பழைய இடம் ஒன்று, புது இடம் ஒன்று என்று இரட்டையாகத் தெரிந்தது.

அந்தக் கம்பியின் கோடுகளை ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 12

சர்வீஸ் செய்த இடத்துக்குப் போனேன். கிளிப்பைக் கையில் கொடுக்கவில்லை, படத்தைத்தான் காட்டினேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், தண்ணிக்குள்ள வண்டியை விட்டது நீங்க. அந்தக் குழாய் இழுத்துட்டு வரும்போதுகூடக் கழண்டிருக்கலாம்." இழுவை வண்டி வருவதற்கு முன்பே, பாலத்தடியில் நான் எடுத்த படத்தைக் காட்டினேன். மங்கலாக இருந்தாலும் குழாய் தொங்குவது தெரிகிறது. படத்தின் நேரமும் இருக்கிறது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தவர் கேட்டார்: "நின்ன பிறகு செல்ஃப் அடிச்சீங்களா சார்?"

அது எதற்கு இப்போது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பணியாளர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்டோபர் 13

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து போனார். பொறுமையான மனிதர், ஒரு மணி நேரம் இருந்தார். விஷயத்தை அவர்தான் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். எங்கள் பாலிசியில் தண்ணீரால் நேரடியாக வந்த சேதத்துக்குப் பணம் உண்டு: சுத்தம் செய்வது, ஆயில், ஃபில்டர், நனைந்த சென்சார். தண்ணீர் புகுந்த பிறகு என்ஜினை ஓட்டப் பார்த்ததால் வந்த சேதம், அதாவது கான்சிக்வென்ஷியல் லாஸ், அடங்காது. அதற்குத் தனியாக ஒரு என்ஜின் கவர் எடுத்திருக்க வேண்டும். போன தடவை புதுப்பிக்கும்போது 'தேவையில்லை' என்று நானே டிக்கை எடுத்துவிட்டது ஞாபகம் வந்தது.

"ஓடிக்கிட்டு இருக்கும்போதே வளைஞ்சுதுன்னா ஒரு கணக்கு, நின்ன பிறகு ஸ்டார்ட் பண்ணி வளைஞ்சுதுன்னா வேற கணக்கு," என்றார். ராடைப் பார்த்தால் வளைந்தது தெரியும், எப்போது வளைந்தது என்று தெரியாது. "நீங்க சொல்றதைத்தான் எழுதணும். போன்ல இல்லைன்னு சொல்லியிருக்கீங்க."

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அலை பெரிசா வந்துச்சு சார்," என்றேன்.

அக்டோபர் 14, நள்ளிரவு தாண்டி

டேஷ்கேம் இருப்பதே மறந்துபோயிருந்தது. மனைவிதான், "அதுல பதிவாகியிருக்குமேங்க, காட்டினா அவங்க வாயை மூடிடலாமே," என்றாள். கார்டை எடுத்து மடிக்கணினியில் போட்டேன்.

தண்ணீர் மட்டம் தெளிவாகத் தெரிகிறது. லாரியின் அலை பானெட்டைத் தொடவே இல்லை. குழாய் அதன் இடத்தில் இருந்திருந்தால் ஒரு சொட்டு போயிருக்காது என்று யாருக்கும் காட்டலாம். சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒலி.

என்ஜின் இருமுகிறது. அடங்குகிறது. உலோகச் சத்தம் எதுவும் இல்லை. ஆறு வினாடி மழைச் சத்தம் மட்டும். "என்னடா இது" என்று என் குரல். சாவி திரும்புகிறது, செல்ஃப் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. மறுபடி சாவி. இந்தத் தடவை என்ஜின் பிடிக்கிறது. இரண்டு வினாடி உறுமுகிறது, நான் ஆக்சிலேட்டரை மிதிப்பதுகூடக் கேட்கிறது. உடனே 'டங்' என்று ஒரு சத்தம். எல்லாம் நிற்கிறது. அதற்குப் பிறகும் ஒருதரம் சாவியைத் திருப்பியிருக்கிறேன். டக் என்றதோடு சரி.

மூன்று தடவை. இரண்டு என்றுதான் எனக்கு ஞாபகம்.

வெறும் செல்ஃப் மோட்டார் ராடை வளைப்பது அபூர்வம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். தண்ணீர் இருந்தால் அது இடித்து நின்றுவிடும், அவ்வளவு பலம் அதற்கு இல்லை. என்ஜின் தன் வேகத்தில் சுற்றும்போது இடித்தால்தான் வளையும். பிடித்த அந்த இரண்டு வினாடியில் ஃபில்டரில் தேங்கியிருந்த தண்ணீரை உள்ளே இழுத்திருக்கிறது. அந்த 'டங்'தான் மூன்றாவது சிலிண்டர்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து படுக்கப் போய்விட்டாள்.

அக்டோபர் 15

ஒலியை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் அனுப்பலாம். காலையிலிருந்து இதே யோசனை. ஒரு நிமிட வேலை.

சாயங்காலம் சர்வேயருக்கு முழு வீடியோவையும் அனுப்பினேன், போனில் சொன்னது தவறு என்று இரண்டு வரி எழுதி. சர்வீஸ் மேனேஜருக்கும் அதையேதான் அனுப்பினேன். நேர்மை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஒலி இல்லாத வீடியோவைப் பார்த்தால் ஒலி எங்கே என்றுதான் எவரும் முதலில் கேட்பார்கள்.

அக்டோபர் 17

இன்சூரன்ஸ் கைவிரித்துவிட்டது. சுத்தம் செய்ய, ஆயில், ஃபில்டர், ஒரு சென்சார் மட்டும் தருவார்களாம். ராடு, பிஸ்டன், பேரிங், ஹெட் கேஸ்கெட், அதற்கான லேபர் எதுவும் கிடையாது. எதிர்பார்த்ததுதான்.

அக்டோபர் 18

சர்வீஸ் இடத்தில் இரண்டரை மணி நேரம். இந்தத் தடவை கிளிப்பையும் கொண்டுபோனேன். அண்ணனும் வந்தார்.

மேனேஜர் வீடியோவைப் பார்த்திருந்தார். "சார், நீங்களே ஸ்டார்ட் பண்ணிக் கெடுத்ததுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?" என்று ஆரம்பித்தார். அண்ணன் பதில் சொல்லாமல், அங்கே நின்றிருந்த அதே மாடல் வண்டியின் பானெட்டைத் திறக்கச் சொன்னார். குழாய் எங்கே மாட்டியிருக்கிறது என்று கை வைத்துக் காட்டினார். பிறகு பல்பைக் கழற்றச் சொன்னார். பையன் பழக்கதோஷத்தில் முதலில் அந்தக் குழாயின் கிளிப்பைத்தான் பிடுங்கினான். பிடுங்கி, பேட்டரி மேல் வைத்தான்.

மேனேஜர் அந்தக் கிளிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் பேச்சு வேறு மாதிரி போயிற்று. தண்ணீர் உள்ளே வந்தது அவர்கள் வேலையால். நான் சாவியைத் தொடாமல் இருந்திருந்தால் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றி, மறுநாள் ஓட்டியிருக்கலாம். இந்த இரண்டையும் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்ட பிறகு மிச்சம் பேரம்தான். அவர்கள் லேபரில் பாதி என்றார்கள். நான் எல்லாமே என்றேன். கடைசியில் லேபர் முழுக்க அவர்களுடையது, உதிரிபாகத்தில் பாதி அவர்கள், பாதி நான். வேலையை அண்ணன் மேற்பார்வையில் செய்ய வேண்டும்.

எனக்கு இது அதிகமா குறைவா என்று இப்போதும் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டால் குறைவு என்கிறார், மனைவியைக் கேட்டால் அதிகம் என்கிறாள்.

அக்டோபர் 20

கையெழுத்துப் போடக் கடிதம் அனுப்பினார்கள். 'இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் முடிவடைகின்றன' என்று ஒரு வரி இருந்தது. மாற்றச் சொன்னேன். ஆறு மாதத்துக்குள் அதே சிலிண்டரிலோ கிராங்க் பேரிங்கிலோ கோளாறு வந்தால் அவர்கள் பொறுப்பு என்று எழுதி வாங்க மூன்று நாள் இழுக்கும் போலிருக்கிறது.

அக்டோபர் 23

எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 29

என்ஜினைப் பிரித்தாயிற்று. வளைந்த ராடைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கண்ணுக்கு நேராகத்தான் தெரிகிறது. அண்ணன் ஒரு இரும்பு ஸ்கேலை அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நடுவில் பிறை மாதிரி ஒரு வெளிச்சம். பிஸ்டனின் ஒரு பக்கம் சுவரில் உரசி மழுங்கியிருந்தது. கிராங்கில் அடி இல்லை. ஹெட் போல்ட்டுகளைப் புதிதாகப் போடச் சொன்னேன். ஒருமுறை முறுக்கி நீண்டவை அவை, மறுபடி போடக்கூடாது. பழையதே போதும் என்று அங்கே ஒருவர் சொல்லிப் பார்த்தார்.

நவம்பர் 6

வண்டி வந்துவிட்டது. முதல் 200 கிலோமீட்டருக்குப் பிறகு ஆயிலை மாற்றச் சொல்லியிருக்கிறார் அண்ணன். உள்ளே எங்காவது ஈரம் மிச்சமிருந்தால் அதோடு போய்விடும்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சாவியைத் திருப்பக் கை கொஞ்சம் தயங்கியது. முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. 140 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். ஆயில் கேஜைத் துடைத்து வெள்ளைத் துணியில் வைத்துப் பார்த்தேன்: தெளிவாக இருக்கிறது. நாளை மறுபடி பார்க்க வேண்டும்.