ரெண்டு குதிரையும் ஒரே உயரம்

காலைல டீ ஆறியே போச்சு, ஒரு போட்டோவை ஜூம் பண்ணி பாத்துட்டே இருந்ததுல.

ஈரான்ல நக்ஷ்-ஏ ரொஸ்தம் பாறைச் சிற்பம். சாசானிய வம்சத்தை ஆரம்பிச்ச முதலாம் அர்தஷீர் குதிரை மேல, எதிர்ல ஜொராஸ்ட்ரிய மதத்தோட கடவுள் அஹுரா மஸ்தாவும் குதிரை மேல, கடவுள் நீட்டுற, ஆட்சி உரிமைக்கு அடையாளமான வளையத்தை ராஜா கை நீட்டி வாங்குறார்.

ரெண்டு குதிரையும் ஒரே உயரம்!

ஆனா காலடியைப் பாருங்க. கி.பி. 224ல ஹோர்மோஸ்தகான் போர்ல அர்தஷீர்கிட்ட தோத்துச் செத்த, அதுக்கு முன்னாடி ஈரானை ஆண்ட பார்த்திய வம்சத்து ராஜா அர்தபான் அர்தஷீரோட குதிரைக்குக் கீழ கிடக்கிறார், கடவுளோட குதிரைக்குக் கீழ தீமையோட உருவம் அஹ்ரிமன். என் எதிரியும் கடவுளோட எதிரியும் ஒண்ணுதான்னு கல்லுலயே சொல்லிட்டார் மனுஷன்.

அந்த வம்சம் 400 வருஷத்துக்கு மேல ஆண்டுச்சு.

எனக்கென்னவோ அர்தபான் மேலதான் கண்ணு போகுது. ஜெயிச்சவர் செதுக்கின கல்லுல, மிதிபட்டபடியே இன்னும் கிடக்கிறார்.