மர எழுத்துச் சதுரங்களில் குடும்பத்தார் பெயர்கள்

முதலில் கட்டம் போட்ட கொப்பித்தாளில் பெயர்களைக் குறுக்கெழுத்துப் போலக் கோர்த்துப் பாருங்கள். தமிழில் உயிர்மெய் முழுசாக ஒத்துப்போனால்தான் பெயர்கள் குறுக்கே வெட்டும். கவிதாவும் விமலாவும் 'வி'யில் சேரும். 'வ'வும் 'வி'யும் சேராது. கொம்பையும் காலையும் தனிச் சதுரமாகப் பிரிக்கவே வேண்டாம், பார்க்கச் சகிக்காது.

6 மில்லிமீற்றர் பிளைவுட், 9 சென்ரிமீற்றர் சதுரம். முதலில் 120 நம்பர், பிறகு 220 நம்பர் சாண்ட்பேப்பரால் தேயுங்கள். எழுத்தை வரைய முன்னமே ஒரு கோட் வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். வார்னிஷ் படாத வெறும் மரத்தில் பெயின்ற் நார்வழியே ஊறி, 'ழி'யின் சுழி மயிர்மயிராகக் கிளம்பிவிடும்.

கொழும்பின் ஈரக்காற்றுக்குப் பின்பக்கமும் விளிம்பும் கட்டாயம் வார்னிஷ் காணவேண்டும். முன்பக்கம் மட்டும் அடித்தால் பின்பக்கம் ஈரம் குடித்து, சதுரம் வளைந்துவிடும்.