மாடா, சாரதியா?

சிம்மக்கல் பக்கம் நான் வண்டி விடும் பட்டறையில், ஞாயிறு மாலை ஐந்தரை மணி ஆனதும் பாதி வேலை நின்றுவிடும். ஐரோப்பாவில் நடக்கும் மோட்டோஜிபி பைக் பந்தயங்கள் பெரும்பாலும் அந்நேரத்தில்தான் தொடங்கும் என்பதால், ஆயில் டப்பாவில் கைபேசியைச் சாய்த்துவைத்து நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்திருப்போம். மெக்கானிக் அண்ணன் மட்டும் ஒரு ஆர்எக்ஸ் 100இன் கார்புரேட்டரைச் செய்தித்தாளின் மேல் பிரித்துப் போட்டு, ஜெட்டின் துளைக்குள் மெல்லிய செம்புக் கம்பியை விட்டு எடுத்தபடி, திரையைப் பார்க்காமலே பேசுவார். மேலூர்ப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயங்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். "மாடு ஓடாம சாரதி என்னத்த தம்பி ஓட்டுவான்?" என்பதுதான் அவருடைய கட்சி; வெற்றி வண்டியுடையது, ஓட்டுபவனுடையது இல்லை என்பார். எல்லாரிலும் பெரிய ஓட்டுநர் யார் என்று தேடுவது என் கட்சி.

அதற்கு வலுவான ஆதாரமும் உண்டு. மோட்டோஜிபிக்கு முன் உச்சப் பிரிவாக இருந்த 500 சிசியில் 1958 முதல் 1974 வரை தொடர்ந்து 17 ஆண்டுகள் உலகப் பட்டம் வென்றவர்கள் அனைவரும் எம்வி அகுஸ்டா என்ற இத்தாலிய வண்டியை ஓட்டியவர்களே. 2003இல் நடந்த 16 பந்தயங்களில் 15ஐ ஹோண்டா வென்றது. 2024இல் 20 பந்தயங்களில் 19ஐ டுகாட்டி வென்றது. இப்படி ஒரே கம்பெனி அள்ளிக்கொண்டு போகும் காலத்தில், வென்றவனின் திறமை எவ்வளவு, இயந்திரத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

வண்டி மாறிய பிறகும் வென்றவனே பெரியவன் என்பது என் அளவுகோல். 122 வெற்றிகளும் 15 பட்டங்களும் கொண்ட ஜியாகொமோ அகோஸ்டினியை எம்வி தூக்கிவிட்ட ஆள் என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம், அவர் யமஹாவுக்கு மாறி 1975இல் டூ-ஸ்ட்ரோக் வண்டியில் 500 சிசி பட்டத்தை வென்றதுதான். எடி லாசன் 1988இல் யமஹாவிலும், அடுத்த ஆண்டே ஹோண்டாவிலும் வென்றார். முந்தைய ஆண்டு முழுவதும் ஒரு வெற்றிகூடப் பெறாத யமஹாவுக்கு 2004இல் போன வாலன்டினோ ரோஸி, தென்னாப்பிரிக்காவின் வெல்கமில் நடந்த முதல் பந்தயத்திலேயே வென்று, அந்த ஆண்டின் பட்டத்தையும் எடுத்தார்.

ரோஸி தன் தலைமை மெக்கானிக் ஜெரமி பர்ஜஸையும் கூடவே அழைத்துச் சென்றார் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அண்ணன் கம்பியைக் கீழே வைத்துவிட்டார். அன்றைய வாதம் அவருக்கே போயிற்று; தொழில் பாசத்தோடு நாம் சண்டை போட முடியாது. போதாக்குறைக்கு, கேஸி ஸ்டோனர் 23 பந்தயங்களை வென்ற டுகாட்டி அணியில், அவருக்குப் பின் வந்த ரோஸி 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஒன்றைக்கூட வெல்லவில்லை.

ஹோண்டாவில் பட்டங்கள் வென்ற மார்க் மார்க்கேஸை முன்வைத்துத்தான் நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன். 2020இல் ஸ்பெயினின் ஹெரஸில் வலது மேற்கை எலும்பு முறிந்து, அறுவை மேல் அறுவையாகப் பட்ட பிறகு, தன் பழைய தலைமை மெக்கானிக்கை ஹோண்டாவிலேயே விட்டுவிட்டு, 2024இல் கிரெசினி என்ற தனி அணியின் முந்தைய ஆண்டு மாடல் டுகாட்டிக்கு வந்தார். அதே பழைய மாடலில் அவரோடு சேர்த்து நான்கு பேர் ஓட்டினார்கள். அதில் பந்தயம் வென்றவர் அவர் ஒருவர்தான், அதுவும் மூன்று முறை. மாடு ஒன்றுதான், சாரதிகள் நால்வர் என்றேன். 2025இல் டுகாட்டியின் சொந்த அணியில் சேர்ந்து, அந்த ஆண்டில் இன்னும் ஐந்து பந்தயங்கள் மீதமிருக்கும்போதே ஜப்பானின் மொட்டேகியில் பட்டத்தை முடித்தார். என் கணக்கில் முதலிடம் அவருக்கே.

இந்த அளவுகோலில் எனக்கே உறுத்தும் இடம் பழைய பிரிட்டிஷ் வீரர் மைக் ஹெயில்வுட். அவருடைய நான்கு 500 சிசி பட்டங்களும் எம்வியில் வந்தவை. ஹோண்டாவின் கட்டுக்கு அடங்காத 500 சிசி வண்டியில் 1967இல் அகோஸ்டினிக்குச் சமமாக ஐந்து பந்தயங்களை வென்றும் பட்டம் கைநழுவியது. நான் வைத்த விதிப்படி அவர் வெளியே நிற்க வேண்டியவர். ஆனால் 11 ஆண்டுகள் கழித்து, 38 வயதில், ஐல் ஆஃப் மேன் தீவின் சாலைப் பந்தயத்துக்குத் திரும்பி வந்து டுகாட்டியில் வென்றவரை வெளியே நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இதை இன்னும் அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால், தோற்கும்போது விதியை மாற்றுகிறாய் என்பார்.